மாரியில் அடைக்கும் மலசலகூடம்: தம்பலகாமத்து நிலமும் வீட்டுக் கழிவுநீரும்

மலசலகூடத்தில் தண்ணீர் இறங்கவில்லை என்றதும் எல்லாரும் முதலில் சந்தேகிப்பது குழாயைத்தான். தடி விட்டுக் குத்துகிறார்கள், அசிட் ஊற்றுகிறார்கள், கடைசியில் கொமட்டையே கழற்றிப் பார்க்கிறார்கள். நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் ஓடும் நகரத்தில் இப்படித் தேடத் தொடங்குவது பெரும்பாலும் சரி. தம்பலகாமத்தில் அது பாதிச் சரிதான். கார்த்திகையில் அடைத்து மாசியில் தானாகவே தெளிகிற மலசலகூடங்கள் இங்கே இருக்கின்றன. குழாயில் துணியோ பிளாஸ்ரிக்கோ சிக்கியிருந்தால் அது மாதம் பார்த்து விலகிப் போகாது. அங்கே நடப்பது வேறு: நிலம் தண்ணீரை வாங்க மறுக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் செய்கிற செலவு பெரும்பாலும் வீண் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை நிலத்திலிருந்தே தொடங்கிச் சொல்கிறேன்.

திருகோணமலை மாவட்டத்தில், கந்தளாய்க் குளத்துக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் இடையே மெல்லச் சரிந்து கிடக்கும் வயல்நாடு இது. குளத்து நீர் வாய்க்கால் வழியே வந்து பாய, ஆண்டில் இரண்டு போகம் விளைகிறது. பழைய குடியிருப்புகள் வயல்களுக்கு நடுவே மேடான திட்டுகளைப் பார்த்து அமைந்தவை. குடும்பம் பெருகி வளவு பங்கு பிரிந்தபோது வீடுகள் மேட்டை விட்டு இறங்கி வயலோரத்துக்கும் வந்தன. தண்ணீரைப் பிடித்து நிறுத்துவதால்தான் வயல்மண் நெல்லுக்கு உகந்ததாகிறது. களி கலந்த அந்த மண், உழுது சேறடித்த தளத்துக்குக் கீழே இறுகிக் கிடக்கும். நெல்லுக்கு நன்மை செய்யும் அந்தக் குணமே மலக்குழிக்குப் பகை.

இதற்கு மேல் பருவமும் இருக்கிறது. திருகோணமலை மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையான வடகீழ்ப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. அந்த மாதங்களில் கிணற்று நீர் எவ்வளவு மேலே ஏறுகிறதோ, வளவுக்குள் இருக்கும் மலக்குழியைச் சுற்றியும் அவ்வளவு உயரத்துக்கு நீர் நிற்கிறது. குழிக்குள் இருப்பது வெளியே கசிய இடமில்லை. பல குழிகளில் வெளிநீர் உள்ளே கசிகிறது. 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணத்தை மூழ்கடித்த பெருவெள்ளம் போன்ற ஆண்டுகளில் வயலும் கிணறும் குழியும் ஒரே நீர்மட்டத்துக்கு வந்துவிடும். வெள்ளம் வடிந்ததும் கிணறுகளை இறைத்துக் குளோரின் இடச் சொல்வது அதனால்தான்.

மாரி ஒன்றோடு இது முடிவதில்லை. சிறுபோக வெள்ளாமைக்காக வாய்க்காலில் நீர் ஓடும் மாதங்களிலும் வயலை ஒட்டிய வளவுகளில் நிலத்தடி நீர் முழுவதும் தாழ்வதில்லை. சிறுபோக அறுவடை முடிந்து மழை தொடங்காத ஆவணி, புரட்டாதி மாதங்களில்தான் அது அடிக்குப் போகிறது. குழி வெட்டவும் துப்புரவு செய்யவும் குழாய் மாற்றவும் நமக்கு இயற்கை விட்டுத்தரும் காலம் அந்த ஓரிரு மாதம்.

வளவு மூலையிலிருந்து வீட்டுக்குள்

இலங்கையின் நாட்டுப்புறத்துக்கு மலசலகூடம் ஓர் இயக்கமாக வந்தது கொக்கிப்புழுவை ஒழிக்கத்தான். 1910களின் நடுவில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் தேயிலைத் தோட்டங்களில் அந்த வேலையைத் தொடங்கியது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்த பிறகு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாகப் போய்க் கக்கூஸ் கட்டச் சொல்வது வழக்கமாயிற்று. இன்று நாட்டில் மலசலகூடம் இல்லாத வீடு மிகக் குறைவு. தெற்காசியாவில் இது பெரிய சாதனை. ஆனால் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாயோடு இணைந்த வீடுகள் மிகச் சில. கொழும்பின் பழைய பகுதிக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்த அந்த ஏற்பாடு பெரும்பாலான ஊர்களுக்கு இன்றும் கிடைக்கவில்லை. ஆகவே நாட்டில் அநேகமாக எல்லாருடைய கழிவும் அவரவர் வளவு மண்ணுக்குள்தான் போகிறது.

முன்பு அந்த மண்ணுக்குப் பெரிய சுமை இல்லை. கக்கூஸ் வளவின் மூலையில் இருந்தது. ஒருதரம் வாளியால் ஊற்றினால் இரண்டு, மூன்று லீற்றர் தண்ணீர் போதும். குளியல் கிணற்றடியில், அந்த நீர் வாழைக்கும் தென்னைக்கும் ஓடியது. உடுப்புத் தோய்த்த நீரும் அப்படியே. இப்போது மோட்டர் வந்தது, மேல்தாங்கி வந்தது, குளியலறையும் கொமட்டும் ஒரே அறையாக வீட்டுக்குள் வந்தன. கொமட்டின் தொட்டி ஒரு முறைக்கு ஆறு முதல் ஒன்பது லீற்றர் தள்ளுகிறது. குளித்த நீரும் வோஷிங் மெஷின் நீரும் அதே குழிக்குத் திருப்பப்படுகின்றன. ஐந்து பேர் உள்ள வீட்டில் கக்கூஸ் நீர் மட்டும் குழிக்குப் போனால் ஒரு நாளைக்கு நூறு லீற்றர் அளவில் நிற்கும். எல்லா நீரையும் சேர்த்து விட்டால் அது ஐந்நூறைத் தொடும். குழி பழைய அளவு, மண் பழைய மண், வரும் நீர் ஐந்து மடங்கு. வசதி கூடக் கூட அடைப்பும் கூடுவதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் காணவில்லை.

எது அடைப்பு, எது நிரம்பல்

தண்ணீர் இறங்காதபோது முதலில் செய்யவேண்டியது, இன்னொரு வாளி ஊற்றாமல் நிறுத்துவது. அடுத்து, வீட்டின் மற்ற நீர்வழிகளைப் பார்க்க வேண்டும். கொமட் மட்டும் நின்று, குளியலறைத் தரையின் நீர் வழக்கம்போல் போனால், கோளாறு கொமட்டின் வளைவிலோ அதற்கு அடுத்த சில அடிக் குழாயிலோ இருக்கிறது. கொமட்டில் ஊற்றிய நீர் குளியலறைத் தரையில் கொப்பளித்து வந்தால், இரண்டும் சேருமிடத்துக்கு அப்பால் தடை. எல்லாமே மெதுவாகி, 'குளுக் குளுக்' என்று சத்தம் கேட்டால் குழியையோ, காற்றுக் குழாயையோ சந்தேகிக்கலாம். காற்றுக் குழாயின் வாயில் குளவி கூடு கட்டியதால் மட்டும் நீர் தயங்கி நிற்பதுண்டு.

வீட்டுக்கும் குழிக்கும் இடையில் மூடி போட்ட சோதனைக் குழி இருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். அது காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம்; நிரம்பி நின்றால் குழிப் பக்கம். இந்தச் சிறு குழியைக் கட்டாமல் எஸ்லோன் பைப்பை நேராக மண்ணுக்குள் புதைத்துவிடுகிற வழக்கம் நம் பகுதியில் அதிகம். சீமெந்து ஒரு பையை மிச்சம் பிடிக்கப் போய்ப் பிறகு முற்றம் முழுவதையும் கிளறுகிறோம்.

இரண்டறைத் தாங்கி உள்ள வீடுகளில் ஒரு தவறான எண்ணம் நிலைத்திருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்து, "தாங்கி நிரம்பிவிட்டது" என்று கழிவை உறிஞ்சும் பவுசரைக் கூப்பிடுகிறார்கள். அந்தத் தாங்கி எப்போதும் நிரம்பியிருப்பதே முறை. கனமானது அடியில் வண்டலாகப் படிய, கொழுப்பு மேலே ஆடையாக மிதக்க, நடுவில் தெளிந்த நீர் வெளிக்குழாய் வழியே உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். 1860களில் பிரான்சில் மூரா என்பவர் கண்டதும், 1895இல் இங்கிலாந்தின் எக்சிற்றர் நகரில் கமரன் வளர்த்தெடுத்ததும் இந்த எளிய அமைப்பைத்தான். ஆகவே பார்க்கவேண்டியது நீர் வெளிக்குழாய்க்கு மேலே ஏறி நிற்கிறதா என்பது. மேலே நின்றால் உறிஞ்சுகுழி நீர் வாங்கவில்லை. அடி வண்டலும் மேலாடையும் சேர்ந்து தாங்கியின் மூன்றிலொரு பங்கைப் பிடித்துவிட்டால் துப்புரவுக்கு நேரம். ஓர் ஆளால் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லீற்றர் வண்டல் சேரும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் கணக்கு. ஐந்து பேர் வீட்டில் அது 200 லீற்றர். 3,000 லீற்றர்த் தாங்கி ஐந்து ஆண்டு தாங்கும், அதில் பாதி அளவானது இரண்டரை ஆண்டில் பொறுமை இழக்கும்.

அடிப்பாகம் திறந்த கொங்கிறீற் வளையக் குழி வேறு கதை. வண்டல் சேரச் சேர அதைச் சுற்றிய மண்ணின் துளைகளும் வழவழப்பான படலத்தால் மூடிப்போகும். அப்படி மூடிய குழியைப் பவுசர் வந்து உறிஞ்சினாலும் மாரியில் சில நாட்களில் மறுபடி நிரம்பிவிடும். சுற்றியிருக்கும் நிலத்தடி நீரே அதை நிரப்புகிறது. மழை உச்சத்தில் பவுசருக்குக் கட்டும் காசு, கிணற்றை இறைத்துக் கொட்டுவதற்குக் கட்டும் காசுதான். ஆபத்தும் உண்டு: நீர் ஊறிய மண்ணில் வெறுமையாக்கிய குழியின் வளையங்கள் உள்ளே சரியலாம், பிளாஸ்ரிக் தாங்கி மிதந்து மேலே எழும்பலாம்.

கையால் எடுக்கக்கூடிய அடைப்பு

உண்மையான குழாயடைப்பும் இருக்கத்தான் செய்கிறது. அதன் இடம் பெரும்பாலும் நீர்ப்பூட்டு நிற்கும் வளைவு. 1775இல் அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரக்காரர் உரிமம் எடுத்த இந்த வளைவு, துர்நாற்றமும் பூச்சியும் மேலே வராமல் காக்கிறது. குழந்தைகளின் பம்பர்ஸ், நப்கின், ஈரத்துடைப்பான், சம்போப் பக்கற், தேங்காய்த் தும்பு, துடைத்த துணி ஆகியவை அதில் சிக்கும். இவற்றில் எதுவும் நீரில் கரைவதில்லை. உறைமேல் 'கரையும்' என்று அச்சடித்திருந்தாலும் நம்பவேண்டாம்.

ரப்பர்க் கிண்ணம் பூட்டிய தடி இருந்தால் கிண்ணம் மூழ்குமளவு நீர் நிற்கவைத்து, மெதுவாக அமுக்கி, பலமாக இழுக்க வேண்டும். வேலை செய்வது இழுப்பு. ஓங்கி ஓங்கிக் குத்துவதால் அடைப்பு இன்னும் உள்ளே போகும். குந்தியிருக்கும் கக்கூஸில் தடி நுனியில் சாக்கை உருண்டையாகக் கட்டி அதே வேலையைச் செய்வார்கள். நல்ல முறை, ஆனால் கட்டு அவிழ்ந்து சாக்கே அடைப்பாகிவிடாமல் கம்பியால் இறுக்க வேண்டும். நீளக் குழாய்க்கு மூங்கிலைப் பிளந்து கணு சீவிய கீற்று, அல்லது சுருள்கம்பி. இரும்புக் கம்பியைக் கொமட்டுக்குள் விட்டால் பீங்கான் கீறும். கீறலில் பிறகு எல்லாம் ஒட்டும். கொதிநீர் வேண்டாம். பீங்கான் வெடிக்கும், பீவீசீக் குழாய் இளகும். கை தாங்கக்கூடிய சூட்டில் நீர் போதும்.

அசிட்டைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். கடையில் போத்தலில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் துணியையும் பிளாஸ்ரிக்கையும் கரைக்காது. அது கரைப்பது சுண்ணக் கறையை. அடைபட்டு நிற்கும் நீருக்குள் அதை ஊற்றிவிட்டுப் பிறகு தடியால் குத்துகிறவரின் முகத்தில்தான் அது தெறிக்கும். முதல் நாள் ஒருவர் குளோரின் தூள் போட்டு, மறுநாள் மற்றவர் அசிட் ஊற்றினால், மூடிய சிறிய அறையில் குளோரின் வாயு எழும். அது நுரையீரலை எரிக்கும் நஞ்சு. கோஸ்டிக் சோடாவும் நீரில் சேர்ந்தால் கொதித்துச் சூடேறும். இவை அத்தனையும் கடைசியில் சேருவது குழிக்கு. அங்கே கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களை அளவு மீறிய இரசாயனம் கொல்லும். மறுபக்கம், சாணி கரைத்து ஊற்றினால் குழி 'வேலை செய்யும்' என்பதும் வீண். தேவையான நுண்ணுயிர் நம் குடலிலிருந்தே நாள்தோறும் அங்கே போய்ச் சேர்கிறது. உப்பு மூட்டை கொட்டுவது அதைவிடக் கெடுதல். உப்பிலுள்ள சோடியம் களிமண்ணைக் குழைத்து அதன் துளைகளை மூடச் செய்யும்.

குசினிக் கானின் அடைப்பு வேறு வகை. 2017இல் இலண்டன் வைற்சப்பல் பகுதியில் 250 மீற்றர் நீளமும் 130 தொன் எடையுமான கொழுப்புப் பாறையொன்று நிலத்தடிக் குழாயை அடைத்துக் கிடந்தது. அங்கே குளிர், விலங்குக் கொழுப்பு. நம் சமையலின் தேங்காயெண்ணெய் 24, 25 பாகையிலேயே உருகிவிடும். திருகோணமலை வெயிலில் அது இறுகுவது அருமை. நம் கானை அடைப்பது சோற்றுக் கஞ்சி, தேங்காய்ப்பூச் சக்கை, பாத்திரம் விளக்கிய சாம்பலும் மணலும், சவர்க்காரம் கிணற்று நீரின் சுண்ணத்தோடு சேர்ந்து உண்டாக்கும் வெள்ளைக் களி. சிங்குக்குக் கீழே ஒரு சல்லடை, வெளியே மணல் படிய ஒரு சிறு தொட்டி, அதைக் கிழமைக்கு ஒருதரம் அள்ளிவிடுதல்: இவ்வளவில் முடிந்துவிடும் சிக்கல் இது.

உள்ளே இறங்காதே

குழியில் எவரும் இறங்கக்கூடாது. வீட்டுக்காரரும் கூடாது, கூலிக்கு வந்தவரும் கூடாது. உள்ளே தேங்கும் ஐதரசன் சல்பைட்டு முதலில் அழுகிய முட்டை நாற்றமாகத் தெரியும். செறிவு கூடினால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று இறங்குகிறவர் சில நிமிடத்தில் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுகிறார். இந்தியாவில் இப்படி ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் மாண்ட செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அங்கே கையால் மலம் அள்ளும் தொழிலை 1993இலும் 2013இலும் சட்டம் தடை செய்தது. குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் கொடுக்க 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 ஒக்ரோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. தமிழ்நாட்டில் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017இல் அந்த மனிதர்களின் வாழ்க்கையைப் பொதுமக்கள் முன் வைத்தது. சட்டங்கள் இருந்தும் சாவு நிற்கவில்லை.

நம் நாட்டு நகரங்களின் துப்புரவுப் பணியும் நெடுங்காலம் வாளிக் கக்கூஸ் சுமந்த குடும்பங்களின் தலையிலேயே விழுந்தது. அவர்கள் பட்ட அவமதிப்பு நம் சமூகத்தின் கடன். பவுசரின் குழாய் எட்டாத இடத்தில், இருட்டில், இரகசியமாக ஆளை இறக்கி அள்ளுவிக்கும் வீட்டுக்காரர் அந்தக் கடனைக் கூட்டுகிறார்.

உறிஞ்சியதைக் கொண்டுபோய் எங்கே கொட்டுகிறார்கள் என்ற கேள்வியையும் காசு கட்டும் நாம் கேட்க வேண்டும். வாய்க்காலில் விட்டால் அது வயலுக்குப் போகும். வயல் வடிந்து குடாவுக்குப் போகும். குடாவில் மட்டி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. நீரை வடித்து உண்ணும் அந்த உயிர் கிருமியையும் சேர்த்தே தன் உடலில் திரட்டும். தமிழ்நாட்டில் செங்கல்பட்டு மாவட்டத்தின் கருங்குழிப் பேரூராட்சி 2017 முதல் மலக்கசடைத் தனியே சுத்திகரித்து வருகிறது. சிறிய ஊராட்சியாலும் முடியும் என்பதற்கு அது சான்று.

கிணறும் குழியும்

யாழ்ப்பாணக் குடாநாடு இந்த விடயத்தில் நமக்குப் பாடம். அங்கே சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே மலக்குழி நீரும் உர நீரும் கிணறுகளில் சேர்ந்து, நைத்திரேற்று அளவு பல இடங்களில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியது. நம் மண் வேறு. களி கொஞ்சம் வடிக்கும். ஆனால் நீர்மட்டம் மேலே ஏறிய மாதங்களில் வடிப்பதற்கு உலர்ந்த மண்ணே மிஞ்சுவதில்லை. அனர்த்த காலப் பணிகளில் உலகெங்கும் பின்பற்றப்படும் 'ஸ்பியர்' நெறி, குழிக்கும் நிலத்தடி நீர் எடுக்கும் இடத்துக்கும் இடையே 30 மீற்றரும், குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஒன்றரை மீற்றரும் வேண்டும் என்கிறது. பத்துப் பேர்ச் வளவில் முதலாவதே கடினம். இரண்டாவதை நாமே அளந்து பார்க்கலாம்: மார்கழியில் உங்கள் கிணற்று நீர் தரையிலிருந்து எத்தனை அடி கீழே நிற்கிறது? நான்கு அடி என்றால், எட்டு அடி ஆழக் குழியில் பாதி நிலத்தடி நீருக்குள் இருக்கிறது. குழியை இன்னும் ஆழமாக வெட்டினால் அடைப்புத் தீரும் என்ற மேசன் சொல்லை அந்த ஒரு கேள்வி தகர்த்துவிடும்.

ஆகவே இங்கே ஆழத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டுவதே வழி. புதிதாகக் கட்டுவோர் மலசலகூடத் தளத்தை இரண்டு, மூன்று அடி உயர்த்தினால் குழாய்க்குச் சரிவு கிடைக்கும். அடியும் பக்கமும் அடைத்த தாங்கி, அதன் வெளிநீருக்குத் தரைமட்டத்துக்கு மேலே மணலும் கல்லும் நிரப்பிய மேட்டுப் பாத்தி. அந்தப் பாத்தியில் வாழை, சேம்பு வைத்தால் கொஞ்சம் நீரை அவையும் உறிஞ்சி ஆவியாக்கும். பிந்தேஷ்வர் பாதக் 1970இல் தொடங்கிய சுலப் அமைப்பு பரப்பிய இரட்டைக்குழி முறையும் நல்லது. ஒரு குழி நிரம்பியதும் மற்றதுக்குத் திருப்பி, முதலாவதை இரண்டாண்டு மூடி வைத்தால் அது எருவாகும். ஆனால் தாழ்நிலத்தில் அதையும் மேட்டில்தான் கட்ட வேண்டும். தாழ்விலேயே கட்டினால் இரண்டு குழியும் சேர்ந்து மூழ்கும்.

பழைய வீட்டுக்காரருக்கு அவ்வளவு செலவு முடியாது. அவர்கள் ஒன்று செய்யலாம். குளியல் நீரையும் தோய்த்த நீரையும் குழியிலிருந்து பிரித்து, தனிக் குழாயில் மரங்களுக்கு விடலாம். ஒரு முழங்கைப் பொருத்தும் கொஞ்சம் பைப்பும் போதும். குழிக்கு வரும் நீர் ஐந்திலொன்றாகக் குறையும். நான் பார்த்த எல்லா வழிகளிலும் மலிவும் பலனும் ஒருங்கே உள்ளது இதுவே. கூரைத் தண்ணீர் குழியின் மேல் விழாமல் திருப்புவதும், குழி மூடியைச் சுற்றித் தரையை உயர்த்துவதும் அதோடு சேர்ந்த வேலைகள்.

மிச்சம் வீட்டால் முடியாதது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தைச் சபையின் பொறுப்பாக வைத்திருக்கிறது. வரிசை வைத்து, ஊர் ஊராக, ஆவணியிலும் புரட்டாதியிலும் பவுசர் போனால், கார்த்திகையில் ஆளுக்காள் தொலைபேசி அடிக்கும் நிலை குறையும். கொட்டும் இடத்தையும் சபை கண்காணிக்கலாம். மழைக்கு முன் வாய்க்காலைத் துப்புரவு செய்யக் கமக்காரர் அமைப்புகள் கூடித் தீர்மானிப்பது போல, மலக்குழிக்கும் ஒரு பருவ அட்டவணை வேண்டும். அடுத்த சிறுபோக அறுவடை முடிந்த கிழமையே உங்கள் குழி மூடியைத் திறந்து வண்டலை அளந்து பாருங்கள். அளவைக் கையில் வைத்துக்கொண்டு அயலவர் பத்துப் பேராகச் சேர்ந்து பிரதேச சபைக்கு எழுதுங்கள்.